பாட்டில் பேசுபவர் யார்? – கத்தரின் பாடல்களை வாசிப்பது குறித்து

(ஐதராபாத்தில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த நகரத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு பாடகர் மீது இப்போது மூன்று தீர்ப்புகள் உலவுகின்றன. 2024 ஜனவரி 31 அன்று, அவரது பிறந்தநாள் விழாவில், தெலங்கானா முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி, திரைத்துறைக்கு வழங்கப்பட்டுவந்த நந்தி விருதுக்கு மாற்றாக இனிக் கத்தர் பெயரில் விருது வழங்கப்படும் என்று அறிவித்தார். ஓராண்டு கழித்து, ஒன்றிய உள்துறை இணை அமைச்சர் பண்டி சஞ்சய் குமார், கத்தர் ஒரு நக்சலைட் என்றும், பா.ஜ.க.வினர் கொல்லப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு என்றும் சொல்லி, அவருக்குப் பத்ம விருது கிடையாது என்று அறிவித்தார். மூன்றாவது தீர்ப்பு நமது கூட்டங்களிலேயே கேட்பதுதான்: பாட்டு நல்ல பாட்டு, ஆள் நமது பாதையைச் சேர்ந்தவரல்லர், எனவே மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்பது.

மூன்றும் ஆளைப் பற்றிய தீர்ப்புகள். பாட்டைப் பற்றி மூன்றிலும் ஒன்றுமில்லை. மாலை போடுகிறவரும் குற்றப்பத்திரிகை எழுதுகிறவரும் ஒரே முறையில்தான் வாசிக்கிறார்கள்: பாட்டில் வரும் ‘நான்’ என்பவர் மேடையில் நிற்பவரே, அவர் பாடியதெல்லாம் அவர் செய்தது அல்லது செய்யச் சொன்னது. இந்த வாசிப்பு சரிதானா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பெயரிலிருந்து தொடங்கலாம். மேதக் மாவட்டத்துத் தூப்ரானில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்த கும்மடி விட்டல் ராவ், ஐதராபாத்துக்குப் பொறியியல் படிக்க வந்தவர், படிப்பு முடியவில்லை. 1975இல் கனரா வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, 1984இல் அந்த வேலையையும் துறந்து முழுநேரக் கலைஞரானார். திரைப்பட இயக்குநர் பி. நரசிங் ராவ் முதலியோரின் முயற்சியில் 1970களின் தொடக்கத்தில் உருவான ஜன நாட்டிய மண்டலிதான் அவரை வளர்த்தது. அவரது முதல் பாடல் தொகுப்பின் பெயர் ‘கத்தர்’. தொகுப்பின் பெயர் பாடகருக்கு ஒட்டிக்கொண்டது. அது தாய் தந்தையர் இட்ட பெயருமன்று, அவரே தேடிச் சூடிக்கொண்ட புனைபெயருமன்று. கேட்டவர்கள் வைத்த பெயர்.

சொல்லின் வரலாறு 1913 நவம்பர் 1க்குச் செல்கிறது. அன்று சான் பிரான்சிஸ்கோவில், வட அமெரிக்காவில் குடியேறியிருந்த இந்தியத் தொழிலாளரும் உழவரும் சேர்ந்து தொடங்கிய ஏட்டின் பெயர் ‘கெதர்’. 1857ஐ ஆங்கிலேயர் கலகம் என்றே எழுதி வந்தனர். ஆம், கலகந்தான் என்று அந்தச் சொல்லையே தலைப்பாக்கிக்கொண்டது அந்த ஏடு. (தமிழில் அந்த இயக்கத்தைப் பலரும் ‘கதர்க் கட்சி’ என்று அச்சிடுகிறார்கள். படிக்கிறவர் இராட்டை நூற்றவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார். மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்து செய்யும் வேலை இது.) அதே வேரிலிருந்து வந்த ‘கத்தார்’ என்ற சொல்லுக்கு உருதுவிலும் இந்தியிலும் துரோகி என்பது பொருள். 2020 ஜனவரியில் தில்லித் தேர்தல் கூட்டமொன்றில் அன்றைய ஒன்றிய இணை அமைச்சர் அனுராக் தாக்கூர் கூட்டத்தை முழங்க வைத்தது இந்தச் சொல்லைக் கொண்டுதான். ஆக ஒரு காதுக்குக் கிளர்ச்சியாளர், மற்றொரு காதுக்குத் துரோகி. பாடகர் வாய் திறப்பதற்கு முன்னரே பெயர் சண்டையைத் தொடங்கிவிடுகிறது.

அடுத்து உடை. இடையில் கோவணம், தோளில் கொங்கடி, காலில் சலங்கை, கையில் கோல். கொங்கடி என்பது தக்காணத்துக் கறுப்பு ஆட்டு மயிரில் நெய்யும் முரட்டுக் கம்பளி; மேய்ப்பர்களின் போர்வை, மழைக்குக் குடை, இரவில் பாய். வங்கி எழுத்தராக இருந்த ஒருவர் மேடைக்காக இதை அணிந்தது வேடம் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. வேடந்தான். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி முழு உடையைக் களைந்தாரே, அதை யாரும் வேடம் என்று தள்ளவில்லை. யாருடைய வறுமையை அவர் உடம்பில் ஏற்றுக்கொண்டார் என்று கேட்டார்கள். 2017இல் தில்லி ஜந்தர் மந்தரில் தமிழ்நாட்டு விவசாயிகள் கோவணத்துடன் அமர்ந்தபோதும் அதே கேள்விதான் எழுந்தது. கத்தருக்கும் அந்தக் கேள்வி உரியது. இந்த உடையை அணிந்து இந்த ஊரின் மேடையில் யாரும் நின்றதில்லை. நின்றவர்கள் மேடைக்குக் கீழே, அதுவும் தொலைவில் நின்றவர்கள்.

இப்போது பாட்டுக்கு வருவோம். தமிழ் படித்தவர்களுக்கு இதில் மலைப்பு ஏற்படக் காரணமில்லை. நமது அகப்பாட்டில் புலவர் தம் குரலில் பேசுவதேயில்லை. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள், பரத்தை பேசுகிறாள். கபிலர் என்னும் ஆண் புலவர் தலைவியாகி ஏங்குகிறார். அதைக் கொண்டு கபிலரின் வாழ்க்கையை எவரும் விசாரிப்பதில்லை. ஒவ்வொரு பாட்டின் அடியிலும் இன்னார் இன்னாருக்கு இன்ன வேளையில் சொல்லியது என்று ஒரு துறைக்குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பை எடுத்துவிட்டால் பாதிப் பாட்டு புரியாது, தவறாகவும் புரியும்.

கத்தரின் பாடல்களில் பெரும்பகுதி இத்தகைய கூற்றுகளே. நரசிங் ராவ் இயக்கிய ‘ரங்குல கல’ (1983) படத்தில் அவர் பாடிய ‘பத்ரம் கொடுகோ’ என்னும் பாட்டு, நகரத்தில் ரிக்‌ஷா மிதிக்கும் மகனைப் பார்த்துப் பெற்றவர் சொல்லும் எச்சரிக்கை. ‘பத்ரம்’ என்பது நமது பத்திரம்தான். பத்திரமாகப் போய்வா என்று சொல்கிறோமே, அது. தமிழில் பத்திரம் என்றால் நிலத்தின் ஆவணமும் ஆகும். நிலப் பத்திரம் இல்லாதவரின் பிள்ளைக்குப் பெற்றவர் தரக்கூடியது இந்த மற்றப் பத்திரம் ஒன்றுதான் என்று மொழிபெயர்க்கும்போது தோன்றும். தெலுங்கில் இந்தச் சிலேடை இல்லை. எனவே தமிழில் அதைப் புகுத்தக் கூடாது. லச்சுமம்மாவைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டில் மரத்தடியில் முகம் வாடி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் வருத்தம் விசாரிக்கப்படுகிறது. கேட்பவர் தலைவரல்லர், பேச்சாளரல்லர், அக்கம்பக்கத்து மனிதர்.

இப்படிப்பட்ட பாட்டுகளில் ஆட்சியாளருக்கு என்ன ஆத்திரம்? துப்பாக்கி என்ற சொல் வந்ததாலா? திரைப்படத்தில் துப்பாக்கி வராத பாட்டு அரிது. ஆத்திரத்தின் காரணம் வேறிடத்தில் இருக்கிறது; அதைக் காண நிஜாம் காலத்துத் தெலங்கானாவுக்குப் போக வேண்டும்.

அங்கே நிலவுடைமையாளருக்குத் ‘தொர’ என்று பெயர். நமது ‘துரை’யும் அதுவும் ஒரே சொல்தான், ஆனால் தமிழகத்துச் சமவெளியில் துரை என்றால் வெள்ளைக்காரன், அல்லது செல்லமாக அழைக்கும் பிள்ளை. தோட்டத் தொழிலாளருக்கு மட்டுந்தான் அந்தச் சொல்லின் முழுப் பாரமும் தெரியும். தொரையின் மாளிகைக்குக் ‘கடி’ என்று பெயர். கோட்டைபோல் மதில் சூழ்ந்தது. அங்கே கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்புக்கு ‘வெட்டி’ என்று பெயர். சோழர் கல்வெட்டுகளிலும் இதே ‘வெட்டி’ இதே பொருளில்தான் வருகிறது. இன்று நாம் வேலையற்றவனை வெட்டிப்பயல் என்கிறோம். கூலி இல்லாமல் முதுகொடிய உழைத்தவனைக் குறித்த சொல், உழைக்காதவனைக் குறிப்பதாகத் தமிழில் மாறிப்போனது. இதைவிடப் பெரிய திருட்டு மொழியில் நடக்க முடியாது. அந்தக் கடியின் வாசலில் உழைப்பவர் பேசத் தொடங்கும் முன், தாம் தொரையின் அடிமை என்றும் காலைத் தொழுவதாகவும் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ‘பாஞ்சன் தொரா’ என்ற அந்தத் தொடர் தெலங்கானாவின் முதியவர்கள் நினைவில் இன்றும் இருக்கிறது.

1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் பண்டி யாதகிரி என்ற உழவர் கவிஞர் நிஜாமைப் பார்த்து ஒரு பாட்டுக் கட்டினார். ‘பண்டெனக பண்டி கட்டி’ என்று அது வழங்கப்படுகிறது. கௌதம் கோஷ் இயக்கி நரசிங் ராவ் தயாரித்த ‘மா பூமி’ (1979) படத்தில் கத்தர் அதைத் திரையில் தோன்றிப் பாடினார். அன்று முதல் பலர் அது கத்தர் எழுதியதென்றே எண்ணுகிறார்கள். அது கம்யூனிஸ்ட் கட்சி தலைமை தாங்கிய போராட்டத்தின் பாட்டு. கத்தரின் பாதை எதுவாயினும் அவர் நின்ற திண்ணை நமது முன்னோர் கட்டியது. இதை அவருக்கு எதிராகச் சொல்லவில்லை. அவர் எங்கிருந்து வந்தார் என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பாட்டின் வலிமை அதன் விளியில் இருக்கிறது. உலகின் பெருஞ்செல்வந்தருள் ஒருவர் எனப்பட்ட நிஜாமை, ‘ஓடா’ என்று உழவர் விளிக்கிறார். தமிழில் அதற்கு நேர் ‘அடா’. அடிமை என்று சொல்லிக்கொண்டே பேசத் தொடங்க வேண்டியவர், ஆண்டவனை ‘டா’ என்கிறார். பாட்டில் வேறு எந்தக் கலகமும் இல்லாவிட்டாலும் இந்த ஓரெழுத்துக் கலகம் போதும். நம்மிடமும் இது உண்டு. இன்குலாப் எழுத, கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடிய ‘மனுசங்கடா’ என்ற பாட்டின் தலைப்பே ‘டா’வில் முடிகிறது. இதைத் ‘மனிதர்கள் ஐயா’ என்று திருத்தினால் பாட்டு மனுவாகிவிடும். தெலுங்குப் போராட்டப் பாடல்களைத் தமிழாக்குவோர் விளிகளை மரியாதைப்படுத்துவது, அவை அச்சில் கண்ணியமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால்தான். நல்லெண்ணம் பாட்டைக் கொன்றுவிடுகிறது.

இதில் சாதியை ஒதுக்கிவைத்துப் பேச இயலாது. தொரையை ‘டா’ என்று கத்தரின் வாய் சொன்னபோது சொன்னது ஒரு தலித்தின் வாய். 1985 ஜூலையில் காரம்சேடுவில் தலித்துகள் ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளர்களால் கொல்லப்பட்டனர். அதை எதிர்த்துப் பரப்புரை செய்த கத்தர் அவ்வாண்டிலேயே தலைமறைவாக நேர்ந்தது. வர்க்கம் என்று மட்டும் வாசித்து இந்தப் பாடல்களை விளக்கிய நமது பழைய கட்டுரைகள் பாதியில் நிற்கின்றன.

இனி ஒரு மறுப்பைக் கேட்டாக வேண்டும். எல்லாம் கூற்று, எல்லாம் வேடம் என்றால் பாடகருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. லண்டனில் பிறந்து ஈழத்தில் வளர்ந்த எம்.ஐ.ஏ. என்னும் மாயா அருள்பிரகாசம் 2007இல் வெளியிட்ட ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் போலி விசா செய்பவரின் குரலும் துப்பாக்கிச் சத்தமும் வருகின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சி அந்தச் சத்தத்தை மங்கவைத்துத்தான் ஒளிபரப்பியது. புலம்பெயர்ந்தவரை வெள்ளையர் எப்படி அஞ்சிக் கற்பனை செய்கிறார்களோ அதையே முகமூடியாக அணிந்த பகடி அது. இசைவாணி 2018இல் பாடிய ஐயப்பன் பாட்டில் பேசுவது நுழைவு கேட்கும் பெண். ஆறாண்டு கழித்து 2024 நவம்பரில் அதைத் தெய்வ நிந்தனை என்று புகார் செய்தார்கள். 2015 அக்டோபர் 30 விடியலுக்கு முன் திருச்சியில் மதுக்கடைகளுக்கு எதிரான பாட்டுக்காகக் கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். இவர்கள் மூவருக்கும் கூற்று என்னும் வாதம் முழுமையாகப் பொருந்தும்.

கத்தருக்கு அது அரைப்பங்குதான் பொருந்தும். அவர் ஆயுதக் குழுக்களை நடத்திய ஒரு கட்சியின் கலைஞர். அவரது பாடல்களில் ஒரு பகுதி அந்தக் குழுக்களில் சேரச் சொல்லிப் பாடப்பட்டவை. அவற்றை வெறும் வேடம் என்று சொன்னால் அவரே ஏற்றிருக்க மாட்டார். அந்தப் பாதையை நாம் ஏற்கவில்லை. அதன் விலையை இரு பக்கத்திலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாம் கொடுத்தார்கள். 1990 பிப்ரவரியில் அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்திய வேளையில் கத்தர் வெளிப்பட்டு நிஜாம் கல்லூரி மைதானத்தில் பாடியபோது கடல்போல் மக்கள் திரண்டனர். பாட்டுக்குத் திரண்ட கூட்டத்தையும் அமைப்பாகத் திரண்ட வர்க்கத்தையும் ஒன்றாக எண்ணியது அவர் சார்ந்த கட்சியின் பிழை. கலை நிகழ்ச்சிக்கு வந்த தலைகளை எண்ணி மாநாட்டு அறிக்கை எழுதும் பழக்கம் நம்மிடமும் இருப்பதால் இதை மெல்லவே சொல்ல வேண்டும். பாடல்களிலும் வேறுபாடு தெரிகிறது. ஆணையிடும் பாட்டுகள் அந்தக் காலத்தின் ஆவணங்களாக நின்றுவிட்டன. இறந்தவருக்காக அழும் பாட்டுகளும், பெற்றவரும் பிள்ளையும் பேசும் பாட்டுகளும் அவரது கட்சியின் பெயரே அறியாத வீடுகளில் இன்றும் பாடப்படுகின்றன.

பாட்டின் ‘நான்’ வேறு, பாடகர் வேறு என்ற நுட்பம் துப்பாக்கிக்குத் தெரியாது. 1997 ஏப்ரல் 6 அன்று அல்வாலில் அவரது வீட்டிலேயே கத்தரைச் சுட்டார்கள். உயிர் பிழைத்தார், ஒரு தோட்டாவை அகற்ற இயலாமல் உடலிலேயே விட்டுவிட்டார்கள். இரண்டாண்டு கழித்து, 1999 மே மாதம், புவனகிரிப் பகுதியில் தனித் தெலங்கானாவுக்காகப் பாடிய பெல்லி லலிதா கொல்லப்பட்டு உடல் துண்டுகளாக வீசப்பட்டது. பெண்ணின் குரலை வேடமாக ஏற்றுப் பாடிய ஆண் பாடகரின் வரலாறு எழுதப்படும் அளவுக்குத் தன் குரலிலேயே பாடிய இந்தப் பெண்ணின் வரலாறு எழுதப்படவில்லை. தமிழில் இவர் பெயரே பலருக்குப் புதிதாக இருக்கும்.

கத்தரின் பிற்கால மாற்றங்கள் பலரும் அறிந்தவை, விரித்துரைக்க வேண்டியதில்லை. மாவோயிஸ்ட் கட்சியிலிருந்து விலகினார். 2017இல் கோயில்களுக்குச் சென்றது செய்தியாயிற்று. 2018இல் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்தார். 2023இல் தம் பெயரிலேயே கட்சி தொடங்குவதாக அறிவித்தார். அவ்வாண்டு ஜூலையில் கம்மத்தில் காங்கிரஸ் மேடையில் ராகுல் காந்தியை அணைத்துக்கொண்டார். ஆகஸ்ட் 6 அன்று மறைந்தார். எல்.பி. ஸ்டேடியத்தில் உடல் வைக்கப்பட்டு, அல்வாலில் அவர் நிறுவிய மகாபோதி பள்ளி வளாகத்தில் அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது. காவல்துறையினர் பலர் உயிரிழக்கக் காரணமான இயக்கத்தைச் சேர்ந்தவருக்கு அந்த மரியாதை கூடாது என்று எதிர்ப்பும் எழுந்தது. மரியாதை செய்தவர்களும் எதிர்த்தவர்களும் அங்கேயும் ஆளைப் பற்றியே பேசினார்கள்.

விருதுக்குத் திரும்புவோம். 1995இல் வந்த ‘ஒரே ரிக்‌ஷா’ படத்தில் அவர் எழுதிய அண்ணன்–தங்கைப் பாட்டுக்கு நந்தி விருது கிடைத்தது. அவர் அதை வாங்க மறுத்தார். மறுத்த அந்த விருதுக்கே இன்று அவர் பெயர். 2025 ஜூனில் ஐதராபாத்தில் ‘கத்தர் விருது’ விழா நடந்தது. சிறந்த படமாகக் ‘கல்கி 2898 ஏடி’யும் சிறந்த நடிகராகப் ‘புஷ்பா 2’இன் அல்லு அர்ஜுனும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பாணர்களுக்கு வேந்தர்கள் பொற்றாமரை சூட்டியதாகப் பத்துப்பாட்டில் படிக்கிறோம். பொற்றாமரையை வேண்டாமென்ற பாணரின் பெயரைப் பொற்றாமரைக்கே வைத்த வேந்தரைச் சங்கப் புலவர்கள் கண்டதில்லை. விழா மேடையில் பெயர் இருக்கிறது, கொங்கடி இருக்கக்கூடும், நிலத்தைக் கேட்ட விளி மட்டும் இல்லை.

நமது கலைக்குழுக்களுக்கும் வெளியீட்டுத் தோழர்களுக்கும் இதிலிருந்து ஒரு நடைமுறைக் கோரிக்கை உண்டு. போராட்டப் பாடல் தொகுப்புகளை ‘புரட்சிப் பாடல்கள்’ என்று மொத்தமாகத் தலைப்பிட்டு, யார் பாட்டு, யார் கூற்று என்ற குறிப்பே இல்லாமல் அச்சிடுவதை நிறுத்த வேண்டும். மெட்டைத் தனியே கழற்றி எடுக்கவும் முடியாது. மெட்டு ஒக்குக் கதைக்காரரிடமிருந்தோ தாலாட்டிலிருந்தோ வந்திருக்கும், அதோடு பேசுபவரும் வருகிறார். பழைய துறைக்குறிப்பு முறையே போதும். ஒவ்வொரு பாட்டின் கீழும் இரண்டு வரி: கட்டியவர், பாடியவர், யார் யாருக்குச் சொல்லியது. விளி ‘டா’ என்றால் ‘டா’ என்றே அச்சாக வேண்டும். முதல் இரண்டு குறிப்புகளை இங்கேயே எழுதிவிடலாம்.

நகரத்தில் ரிக்‌ஷா மிதிக்கும் மகனுக்குப் பெற்றவர் சொல்லியது. பாடியவர் கத்தர்.

ஐதராபாத் நிஜாமுக்கு உழவர் கூட்டம் சொல்லியது. கட்டியவர் பண்டி யாதகிரி. திரையில் பாடியவர் கத்தர்.